உன்னை யார் அனுப்பினது?

2017 செப்டம்பர். நீட் தேர்வுக்கு எதிராகத் தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் தெருவுக்கு வந்திருந்த நாட்கள். அப்போது நான் தென்மாவட்டம் ஒன்றில், 18 வயது நிரம்பாத பிள்ளைகள் மேல் வரும் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் உறுப்பினராக இருந்தேன். நடுவர் ஒருவர், சமூகப் பணியாளர் இருவர், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெண் இடத்தில் இருந்தவள் நான்.

ஒரு மதியம் பத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நிறுத்தினார்கள். சாலை மறியல், கல்வீச்சு, அரசுப் பேருந்தின் முன்கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஒன்பது பையன்கள், ஒரு பெண். பெண்ணுக்கு 16 வயது, ப்ளஸ் டூ. (பிள்ளைகளின் அடையாளம் வெளியே வரக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

நடுவர் பையன்களை வரிசையாகக் கேட்டார். “நீ என்னப்பா செஞ்ச?” ஒருவன் கல்லை எடுத்தேன், எறியவில்லை என்றான். இன்னொருவன் எறிந்தேன், படவில்லை என்றான். ஒருவன் அழுதான். அவன் அழுவதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவனும் அழுதான். பெண்ணின் முறை வந்தபோது, கூட வந்திருந்த பெண் காவலர் முந்திக்கொண்டார்.

“நல்லாப் படிக்கிற புள்ள மேடம். எவனோ கூட்டிட்டுப் போயிருக்கான்.”

அவளிடம் பேசும் பொறுப்பை நடுவர் என்னிடம் விட்டார். பெண்பிள்ளை, பெண் கேட்டால் பயப்படாமல் சொல்லும் என்று. நான் குரலைத் தணித்துக்கொண்டுதான் கேட்டேன்.

“யாரும்மா உன்னைக் கூட்டிட்டுப் போனது?”

“யாரும் கூட்டிட்டுப் போகல மேடம்.”

“சரி, யார் போகச் சொன்னது?”

“யாரும் சொல்லல.”

“இந்தப் பையங்கள்ல உனக்கு யாரைத் தெரியும்?”

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. பாடம் புரியாத ஒரு மக்குப் பிள்ளையை ஆசிரியை பார்ப்பதுபோல ஒரு பார்வை. நான் மேற்கொண்டு வீட்டைப் பற்றிக் கேட்டேன், அப்பா குடிப்பாரா என்று கேட்டேன், செல்போன் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். அடுத்த விசாரணைக்குத் தேதி கொடுத்து அனுப்பிவிட்டோம். ராத்திரி வீட்டில் தோசைக்கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கால்மணி நேரம் அவளோடு பேசியிருக்கிறேன். நீ என்ன செய்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

குழுமத்துக்கு வரும் பிள்ளைகளில் பெண்கள் மிகக் குறைவு. அடிதடி, பைக் திருட்டு, செல்போன் பறிப்பு, கஞ்சா என்று வருகிறவர்கள் அநேகமாக எல்லாரும் பையன்கள். பெண்பிள்ளை ஒருத்தி காவல் நிலையப் படியேறினால் பெரும்பாலும் அது வேறு கதை. வீட்டை விட்டுப் போனவள், காதலித்தவனோடு ஊர் மாறியவள், கல்யாணத்துக்குப் பயந்து பஸ் ஏறியவள். அவள் எங்களிடம் வரமாட்டாள், குழந்தைகள் நலக் குழுவுக்குப் போவாள். பையன் என்றால் திருத்தப்பட வேண்டியவன், பெண் என்றால் பாதுகாக்கப்பட வேண்டியவள் என்று இரண்டு தனித்தனிக் கதவுகள். ஒரு கொள்கைக்காகச் சட்டத்தை மீறி வருகிற பெண் இந்த இரண்டு கதவிலும் நுழையமாட்டாள். அவள் மேல் முன்பு ஒரு புகாரும் இருந்திருக்காது. வகுப்பில் முதல் இரண்டு ரேங்குக்குள் இருப்பாள். வீட்டில் அடி உதை என்று எதுவும் இருக்காது. எங்கள் படிவத்தில் ‘குற்றத்துக்கான காரணம்’ என்று கொடுத்திருந்த தேர்வுகளில் தீய நட்பு உண்டு, வறுமை உண்டு, பெற்றோர் கவனிப்பின்மை உண்டு. அவளே யோசித்து முடிவெடுத்தாள் என்பதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அந்த வழக்குக்குப் பிறகுதான் 1930-களின் வங்காளத்துப் பிள்ளைகளைப் பற்றித் தேடித் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். பையன்களும் பெண்களும் ஒரே ஊரில், வெள்ளைக்கார ஆட்சியை விரட்ட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, ஏறக்குறைய ஒரே வயதில் ஆயுதம் எடுத்த காலம் அது. அவர்களை அரசு எப்படிப் பார்த்தது, அவர்கள் சேர்ந்த புரட்சி இயக்கம் எப்படிப் பார்த்தது, அவர்கள் தங்களை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்குப் பதிவுகள் நிறைய இருக்கின்றன.

1931 டிசம்பர் 14. இன்று வங்கதேசத்தில் இருக்கும் கொமிலா நகரம். திப்பேரா மாவட்ட மாஜிஸ்திரேட் ஸ்டீவன்ஸின் பங்களாவுக்கு இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் குதிரை வண்டியில் வருகிறார்கள். சுனீதி சௌதுரிக்கு 14 வயது. சாந்தி கோஷுக்கு 15. இருவரும் ஊரிலிருந்த பைசுன்னிசா பெண்கள் பள்ளியில் படிப்பவர்கள். பள்ளி மாணவிகளுக்கு நீச்சல் போட்டி நடத்த உதவி கேட்டு ஒரு மனு கொண்டுவந்திருக்கிறார்கள். குளிருக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். டிசம்பர் மாதத்தில் யார்தான் போர்த்தமாட்டார்கள்? ஸ்டீவன்ஸ் மனுவை வாங்குகிறார். சால்வைகளுக்குள்ளிருந்து துப்பாக்கிகள் வெளியே வருகின்றன. மாஜிஸ்திரேட் சுட்டுக் கொல்லப்படுகிறார். இரண்டு பேரும் அங்கேயே பிடிபடுகிறார்கள்.

அதற்கு முன்னால் கொமிலாவுக்குப் பக்கத்தில் மைனாமதிக் குன்றுகளில் அவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே ஒரு சிக்கல் வந்தது. சுனீதியின் கை சின்னது. பிடியைப் பிடித்தால் ஆள்காட்டி விரல் விசைக்கு எட்டவில்லை. அதற்காக அவள் விலகிக்கொள்ளவில்லை. நடுவிரலால் விசையை இழுக்கப் பழகிக்கொண்டாள்.

இதை வாசித்த அன்று என் மகளைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னேன். அவளுக்கும் அப்போது 14. எதற்கு என்று கேட்டாள், சும்மா என்றேன். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துப் பார்த்தேன். என் விரலைவிட ஒரு கணு குட்டை. நகத்தில் பாதி உரிந்த நெயில் பாலிஷ். இதை ஒரு வீரக்கதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதர் கொல்லப்பட்டார். கொன்ற கை இந்த அளவில் இருந்தது.

பையன்களின் கதை இதற்கு ஒன்றரை வருடம் முன்னால் தொடங்குகிறது. 1930 ஏப்ரல் 18 இரவு, புரட்சியாளர் சூர்யா சென் தலைமையில் சிட்டகாங் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் கல்லூரிப் பையன்களும் பள்ளிக்கூடப் பையன்களும் நிறைய. எல்லாரிலும் சின்னவனான சுபோத் ராய்க்கு 14 வயது. நான்கு நாள் கழித்து ஜலாலாபாத் மலையில் படையோடு நடந்த சண்டையில் அவர்கள் பக்கம் 12 பேர் செத்தார்கள். அன்றைக்கு மலைமேல் சண்டையை நடத்தியவர் லோகநாத் பால். செத்தவர்களில் அவருடைய தம்பி ஹரிகோபாலும் ஒருவன். டெக்ரா என்று கூப்பிடுவார்களாம். அவனும் பள்ளிக்கூடப் பிள்ளைதான்.

அந்த ஏப்ரல் இரவில் ஒரு பெண்கூட இல்லை. பெண்களுக்கு மனமில்லாமல் இல்லை. இயக்கம் சேர்க்கவில்லை. பிரம்மச்சரியம், உடற்பயிற்சிக் கூடம், சிலம்பம் என்று ஆண்களுக்காகவே கட்டப்பட்ட சங்கங்கள் அவை. பெண்ணின் நிழல் பட்டால் பையன்கள் நோக்கம் தவறிப்போவார்கள் என்று நினைத்த பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். பெண்கள் உள்ளே வந்தது வேறொரு வழியில். தாக்குதலுக்குப் பிறகு பையன்கள் ஓடி ஒளிய வேண்டி வந்தது. ஒளிய வீடு வேண்டும். வீடு என்றால் பெண் வேண்டும்.

இதை யோசித்துப் பாருங்கள். நான்கு வாலிபர்கள் மட்டும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் தெருவே எட்டிப் பார்க்கும். அதே வீட்டில் காலையில் ஒரு பெண் வாசல் தெளித்தால் அது குடும்பம். சிட்டகாங்கிலிருந்து தப்பியவர்கள் சந்திரநாகூரில் ஒளிந்திருந்தபோது, சுஹாசினி கங்குலி என்கிற இளம் ஆசிரியை, சசதர் ஆசார்யா என்பவரின் மனைவியாக வேடம் போட்டு அந்த வீட்டை நடத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்களின் கண்ணில் புதுமணத் தம்பதி. 1930 செப்டம்பர் 1 அன்று போலீஸ் அந்த வீட்டைச் சுற்றி வளைக்கும் வரை அந்த வேடம் பலித்தது.

கல்கத்தாவில் கமலா தாஸ்குப்தா ஒரு பெண்கள் விடுதியின் பொறுப்பாளர். அந்த விடுதியில்தான் வெடிகுண்டுப் பொருட்கள் இருந்தன. கல்பனா தத்தா அறிவியல் மாணவி. கல்கத்தாவிலிருந்து சிட்டகாங்குக்கு வெடிமருந்துச் சாமான்களைக் கொண்டுபோனவள். பிரீதிலதா வதேதார் அலிப்பூர் சிறையில் தூக்குத் தண்டனைக்குக் காத்திருந்த ராமகிருஷ்ண பிஸ்வாஸைப் போய்ப் பார்த்தாள். உறவுக்காரப் பெண் என்று பொய்ப்பெயரில் சொல்லிக்கொண்டு ஏறக்குறைய 40 தடவை. அண்ணனைப் பார்க்க வந்த தங்கையைச் சிறைக்காவலர் எப்படித் தடுப்பார்? தல்காட் கிராமத்தில் சூர்யா சென்னுக்கு இடம் கொடுத்த சாவித்திரி தேவி ஒரு ஏழை விதவை. அதற்காகச் சிறைக்குப் போனாள்.

மனைவி, தங்கை, விதவை, விடுதிக் காப்பாளர். பெண்களுக்கு இயக்கத்தில் கிடைத்த முதல் வேலைகள் எல்லாமே சமூகம் அவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த வேடங்கள்தான். சட்டமும் கைகொடுத்தது. 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி ஒரு பெண்ணைச் சோதனை போடுவதென்றால் இன்னொரு பெண்தான் போட வேண்டும், அதுவும் கண்ணியம் குறையாமல். அந்தக் காலத்துப் போலீசில் பெண்ணுக்கு எங்கே போவது? பையன் இடுப்பில் செருகினால் அடுத்த முச்சந்தியில் மாட்டுவான். பெண்ணின் புடவை மடிப்புக்குள் போன துப்பாக்கி ஊர் தாண்டிப் போய்ச் சேரும்.

இதை எழுதும்போது என் அத்தை ஞாபகத்துக்கு வருகிறாள். 1965 ஜனவரி, மதுரை. அத்தைக்கு 17 வயது. பெரியப்பா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். இந்தி எதிர்ப்புச் சுவரொட்டிக்கு வேண்டிய பசை எங்கள் தாத்தா வீட்டுக் கொல்லையில்தான் காய்ந்தது. மைதாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, அடிபிடிக்காமல் கிண்டி, எலியும் பூச்சியும் தின்னாமலிருக்க மயில்துத்தம் போட்டு இறக்க வேண்டும். காய்ச்சியது அத்தை. துத்தம் பட்டுப்பட்டு விரலிடுக்கெல்லாம் புண்ணாகி, சோறு பிசைந்தால் எரியுமாம். வாளியைத் தூக்கிக்கொண்டு இருட்டோடு போனவர்கள் பெரியப்பாவும் அவர் சேக்காளிகளும். பெரியப்பா மூன்று வாரம் சிறையில் இருந்தார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் அவருக்கு ஒரு தனி நாற்காலி உண்டு. அத்தையிடம் பல வருடம் கழித்து நான் கேட்டபோது, “நான் என்னத்தடி செஞ்சேன், பசதானே காச்சினேன்” என்றாள். சொல்லிவிட்டு, ஒரு படி மைதாவுக்கு எத்தனை குடம் தண்ணீர் என்ற கணக்கை மறக்காமல் சொன்னாள்.

வங்காளத்துப் பெண்களுக்குப் பசை காய்ச்சுவதோடு நின்றுகொள்ளப் பிடிக்கவில்லை. ஒளித்துவைப்பதும் சுமப்பதும் கண்ணுக்குத் தெரியாத வேலை. பிடிபட்டாலும் யாரோ ஓர் ஆணின் உடந்தை என்றே பெயர். தங்களையும் முன்வரிசையில் நிறுத்து என்று அவர்கள் இயக்கத்தோடு மல்லுக்கட்டினார்கள். கொமிலாவில் சாந்தியையும் சுனீதியையும் இயக்கத்துக்குக் கொண்டுவந்தவள் பிரபுல்லநளினி பிரம்மா. அவளும் மாணவிதான், இவர்களைவிடக் கொஞ்சம் மூத்தவள். மாணவிகள் சங்கம் ஒன்று கட்டியிருந்தார்கள். அணிவகுப்பு, லத்திப் பயிற்சி எல்லாம் நடந்தது. அவளை விசாரணை இல்லாமலே காவலில் வைத்தார்கள். 1937-ல் சின்ன வயதிலேயே செத்துப்போனாள். பாட்டிலும் பாடத்திலும் அவள் பெயர் அவ்வளவாக வருவதில்லை.

பிரீதிலதா 1932 செப்டம்பரில் சிட்டகாங்கின் பாஹார்தலி ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினாள். பஞ்சாபி ஆண் உடையில் போனாள். தாக்குதலில் ஒரு பெண்மணி இறந்தார், பலர் காயப்பட்டார்கள். பிரீதிலதா சயனைட் தின்று அங்கேயே உயிர்விட்டாள். 21 வயது. பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை. அவளிடமிருந்து கிடைத்த அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. நாட்டு விடுதலைக்கான போரில் ஆண் பெண் என்ற வேறுபாடு எதற்கு என்று கேட்கிறாள். சகோதரர்கள் செய்யலாம் என்றால் சகோதரிகள் ஏன் செய்யக்கூடாது என்பது அவள் வாதம். வெள்ளைக்கார அரசுக்கு எதிராகச் சாகப் போகிறவள் கடைசித் தாளில் ஏன் இதை எழுத வேண்டும்? அந்தக் கேள்வி அரசைப் பார்த்து மட்டும் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே வருடம் பிப்ரவரி 6 அன்று, கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பீணா தாஸ் ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கிச் சுட்டாள். ஐந்து குண்டும் தவறின. துணைவேந்தர் ஹசன் சுஹ்ராவர்தி பாய்ந்து அவளைப் பிடித்தார். துப்பாக்கியை 280 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தவர் கமலா தாஸ்குப்தா. போலீசுக்கு இந்தத் தகவல்தான் வேண்டும். பீணா சொல்லவில்லை. நீதிமன்றத்தில் அவள் கொடுத்த நீண்ட வாக்குமூலம் முழுக்க ‘நான்’. ஜாக்சன் என்ற மனிதர் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை, அவர் பதவி ஓர் ஒடுக்குமுறையின் சின்னம் என்றாள். அவளுக்கு ஒன்பது வருடக் கடுங்காவல்.

சுனீதிக்கும் சாந்திக்கும் ஆயுள் முழுக்க நாடுகடத்தல் தண்டனை. வயது குறைவு என்பதால் தூக்கு இல்லை. அதைக் கேட்டு அவர்கள் ஏமாந்துபோனார்களாம். தூக்கை எதிர்பார்த்து வந்தவர்கள். நாடுகடத்தல் என்பது தீர்ப்பில் மட்டும்தான். அந்தப் பெண்களை அந்தமானுக்கு அனுப்பவில்லை, வங்காளச் சிறைகளிலேயே வைத்தார்கள். சுபோத் ராயை அனுப்பினார்கள். 14 வயதில் செய்ததற்கு அவனுக்குச் செல்லுலர் ஜெயில், 1934-ல். சரி, பெண்களுக்கு இரக்கம் காட்டினார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? சிறைக்குள் சாந்திக்கு இரண்டாம் வகுப்பு, சுனீதிக்கு மூன்றாம் வகுப்பு. ஒரே குற்றம், ஒரே தீர்ப்பு, ஒரே பள்ளிக்கூடம், ஆனால் இரண்டு வகுப்பு. சுனீதியின் அப்பாவுக்கு வந்துகொண்டிருந்த ஓய்வூதியம் நின்றது. அண்ணன்மார் இருவரையும் விசாரணையில்லாமல் பிடித்து வைத்தார்கள். மகள் செய்ததற்கு வீடு பதில் சொல்ல வேண்டியிருந்தது, அவளை வீட்டு ஆண்கள்தான் ஏவியிருக்க வேண்டும் என்பதுபோல.

நான் குழுமத்தில் இருந்தபோது மேசையில் எப்போதும் இருந்த சட்டப் புத்தகத்தில் இதே கண்ணைத்தான் பார்த்தேன். பிணையில் விட முடியாத பெரிய குற்றத்திலும் சிலருக்கு நீதிமன்றம் பிணை தரலாம் என்று ஒரு வாசகம் உண்டு. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பெண், நோயாளி, தளர்ந்தவர். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 437-ஆம் பிரிவில் இது இருந்தது, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலும் இருந்தது, இப்போது வந்திருக்கும் புதிய சட்டத்திலும் குழந்தை, பெண், நோயாளி என்று வரிசை தொடர்கிறது. இந்தச் சலுகையை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிறைவாசலில் நின்ற பெண்களை நேரில் பார்த்தவள் நான். ஆனால் அந்த வரிசையை வாசிக்கும்போதெல்லாம், பெண் எவ்வளவு வளர்ந்தாலும் சட்டத்தின் பார்வையில் குழந்தைக்கும் நோயாளிக்கும் நடுவில்தான் நிற்கிறாள் என்பது தைக்கும். 1932-ல் கல்பனா தத்தாவை ஆண் உடையில் திரிந்தபோது பிடித்து, பிணையில் விட்டார்கள். அவள் தலைமறைவாகி, அடுத்த வருடம் மே மாதம் வரை பிடிபடவே இல்லை.

இதன் மறுபக்கம் எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது. 1986 இளைஞர் நீதிச் சட்டத்தில் பெண்ணுக்கு 18 வயது வரை சிறார் என்று இருந்தது. பையனுக்கு 16 வரைதான். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் இருவருக்கும் 18. முந்தைய சட்டம் நடப்பில் இருந்தது பஞ்சாபும் அசாமும் எரிந்துகொண்டிருந்த வருடங்களில். ஒரே ஊர்வலத்தில் பிடிபட்ட அக்காவுக்கும் தம்பிக்கும் 17, 16 வயது என்றால், அக்கா குழந்தை, தம்பி பெரிய ஆள். அவனுக்குப் பெரியவர்களின் சிறை. பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு முடிவு இருக்க முடியும் என்று நம்பாத அதே மனம்தான், பையனுக்குக் குழந்தைப் பருவம் என்று ஒன்று உண்டு என்பதையும் நம்புவதில்லை. டெக்ராவை ஜலாலாபாத்துக்கு யார் கூட்டிப்போனது என்று யாரும் கேட்டதில்லை. அண்ணன் போனார், தம்பி போனான். அவன் செத்ததும் வீரன் ஆகிவிட்டான். அவனைவிட மூத்த பிரீதிலதாவையோ, பட்டதாரியான பீணாவையோ பற்றித்தான் ‘யார் இவர்களைத் தூண்டியது’ என்ற கேள்வி எழுந்தது.

யார் அனுப்பியது என்று கேட்பதே தவறு என்று நான் நினைக்கவில்லை. 14 வயதுக் கைக்கு எட்டாத துப்பாக்கியைக் கொடுத்து, நடுவிரலால் சுடு என்று பழக்கிய பெரியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். சுனீதிக்காக மட்டும் அல்ல, சுபோத்துக்காகவும் டெக்ராவுக்காகவும். அதேபோல, சுனீதி என்ன செய்தாள், என்ன நினைத்துச் செய்தாள் என்று அவள் வாயால் கேட்கவும் வேண்டும். சுனீதியும் சாந்தியும் 1939-ல் விடுதலையானார்கள். சுனீதி மருத்துவம் படித்து டாக்டரானாள், 1988 வரை வாழ்ந்தாள். சாந்தி மேற்கு வங்கச் சட்டமன்றம் வரை போனாள். சுபோத் ராய் 2006 வரை இருந்தார், கடைசி வரை கட்சி வேலை செய்தார். மூன்று பேருக்கும் முன்னால் நீண்ட வாழ்க்கை இருந்திருக்கிறது. டெக்ராவுக்கும் இருந்திருக்கும்.

இரண்டாம் விசாரணை அன்று பிள்ளைகள் பெற்றோரோடு வந்திருந்தார்கள். அம்மாக்கள் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லாமல் ஒரே பாட்டுப் பாடினார்கள். பையனின் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் “எம்புள்ளக்கி ஒண்ணும் தெரியாதும்மா, சேர்க்கை சரியில்ல” என்றுதான் சொன்னார்கள். போலீசும் நாங்களும் அதைப் பெண்ணின் விஷயத்தில் மட்டும் காதில் வாங்கினோம்.

அன்று நடுவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். முதலில் பையன்களில் சின்னவனைக் கூப்பிட்டேன். ஏழாம் வகுப்பு. சட்டையில் பொத்தானுக்குப் பதிலாக ஊக்கு குத்தியிருந்தான்.

“உன்னை யாருப்பா கூட்டிட்டுப் போனது?”

இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “அண்ணன் போனான். நானும் போனேன். அங்க எல்லாரும் கல்லு எடுத்தாங்க.” அண்ணன் அதே வரிசையில் மூன்றாவதாக நின்றான். தம்பி சொன்னதைக் கேட்டு அவன் முகம் மாறியது.

பிறகு அவளைக் கூப்பிட்டேன். வந்து நின்றாள், போன தடவை பார்த்த அதே பார்வையோடு.

“நீ என்னம்மா செஞ்ச?”

அவள் உடனே பேசவில்லை. பெண் காவலர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நடுவர் கையமர்த்தினார்.

“அந்த இடத்தைச் சொன்னது நான்தான் மேடம். பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி வேகத்தடை இருக்கு. எல்லா பஸ்ஸும் அங்க மெதுவாத்தான் வரும். யாருக்கும் அடிபடாதுன்னு நெனச்சேன். ஒக்காந்து மறிக்கத்தான் போனோம். டிரைவர் ஹாரன் அடிச்சிட்டே முன்னாடி வந்தாரு. எனக்குக் கோபம் வந்துருச்சு. கண்ணாடியில பட்டது என் கல்லு. அவனுங்க எறிஞ்சது எதுவும் படல. அவனுங்களுக்கும் தெரியும், யாரும் சொல்லல.” ஒன்பது பையன்களும் நிமிரவே இல்லை. “டிரைவருக்குக் கன்னத்துல கீறிருச்சு. அதை நான் பார்த்தேன். அவரைப் பார்த்து ஒண்ணு சொல்லணும் மேடம், அதுக்கு உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?”

எழுதிக்கொண்டிருந்த உதவியாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா, வேகத்தடைக்கு அப்புறம் விட்டுப்போச்சு” என்றார்.

அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.